ஒரு சொல்லும் விடாமல்

நாவலை எழுதி முடிப்பதுதான் மலை, அதன்பிறகு எல்லாம் சறுக்குமரம் என்று பொடிசு நினைத்திருந்தாள். காதோரம் நரை எட்டிப்பார்க்கும் ஒருத்திக்குப் பொடிசு என்ற பெயர் பொருந்தாதுதான். அக்கா வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது.

பொடிசுக்கு ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் வேலை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து, "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்ல வேண்டும். ஒரு டோக்கனுக்கும் அடுத்த டோக்கனுக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் அவள் எழுதிய நாவலின் பெயர் "உரிமையாளர் வராத மேலங்கி". பனி கொட்டும் ஒரு துறைமுகத்தில் தையல்காரி ஒருத்தி இருக்கிறாள். கப்பல் தலைவன் ஒருவன் வந்து ஒரு கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுக் கடலேறிப் போகிறான். கோட்டு தயாராகி ஆணியில் தொங்குகிறது. பொடிசு பனியைப் பார்த்ததில்லை. பல் பிடுங்கியவர்கள் கன்னத்தில் ஒத்திக்கொள்ளும் ஐஸ் பைதான் அவளுக்குத் தெரிந்த பனி. ஆனாலும் அந்தத் துறைமுகத்தில் எந்தச் சந்தில் காற்று அதிகம் என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

புத்தகத்தை அவளே வடிவமைத்தாள். பழைய மடிக்கணினியில் பக்கம் கட்டக் கற்றுக்கொண்டாள். ஓரத்தில் எவ்வளவு வெள்ளை விட வேண்டும், எந்த எழுத்துரு கண்ணை உறுத்தாது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள். அட்டைக்கு ஓர் ஆணி, ஆணியில் கோட்டு, பின்னால் ஜன்னல், ஜன்னலில் கறுத்த கடல். அச்சுக்கு ஒன்று, மின்நூலுக்கு ஒன்று என்று இரண்டு வடிவம் செய்தாள்.

மின்நூல் அக்காவுக்காக. அக்காவின் பார்வை நடுவிலிருந்து தேய்ந்துகொண்டு வந்தது. அச்சு எழுத்து போயே போய்விட்டது. கைப்பேசித் திரையில் மூன்று நான்கு சொற்கள் மட்டும் தெரியும்படி எழுத்தைப் பெரிதாக்கினால் படிப்பாள். அதுவும் எத்தனை காலத்துக்கு என்று கண் மருத்துவர் சொல்லவில்லை. சொல்லாமல் அவர் கண்ணாடியைத் துடைத்த விதத்தில் பொடிசுக்குப் புரிந்துவிட்டது.

"கடையைச் சாத்தலடி. ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கு, அவ்வளவுதான்" என்பாள் அக்கா. "குனிஞ்சு பார்த்தா உள்ள சரக்கு தெரியும்."

நாவலின் முதல் பாதியை அடுப்படியில் பொடிசு படிக்கப் படிக்கக் கேட்டவள் அவள். பிறகு திடீரென்று கையை நீட்டி நிறுத்திவிட்டாள்.

"போதும். மிச்சத்தைக் கடையில வரட்டும், காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறேன்."

"ஏன்க்கா? ஃபைலையே உன் போன்ல போட்டுத் தர்றேனே."

"சும்மா படிச்சா தங்கச்சி எழுதினது. வாங்கிப் படிச்சாத்தான் எழுத்தாளர் எழுதினது. ஆனா ஒன்னு மட்டும் சொல்லு. அவன் கோட்டை வாங்க வந்தானா இல்லியா?"

"வாங்கிப் படி."

"திமிருடி உனக்கு."

இந்த இடத்தில்தான் வாரியம் குறுக்கே வந்தது.

தன்வெளியீட்டு நூல் மேன்மை வாரியம் என்பது அதன் முழுப்பெயர். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் கண்டபடி போடுகிறார்களே என்று யாரோ ஒரு பெரிய மனிதருக்கு ஒருநாள் வருத்தம் ஏற்பட்டது. அந்த வருத்தத்துக்கு ஒரு கட்டடம் கட்டி, கார் நிறுத்த இடமும் ஒதுக்கினார்கள். அதன் முத்திரை இல்லாமல் எந்த அச்சகமும் அச்சடிக்காது. எந்த இணையக் கடையும் மின்நூலை ஏற்றாது.

முதலில் மின்நூல் அதிகாரி. அவர் அறையில் கணினி இல்லை. பொடிசு நீட்டிய பென் டிரைவை அவர் இரண்டு விரலால் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல முதுகு எங்கம்மா?"

"சார், இது மின்நூல்..."

"மின்நூலும் நூல்தானே? நூல்னா முதுகு இருக்கணும். முதுகு இல்லாததை நான் எந்த அலமாரியில எப்படி நிக்க வைக்கிறது?" அவர் இழுப்பறையிலிருந்து அடிக்கோலை எடுத்தார். "தடிமன் என்ன?"

"தடிமன் கிடையாது சார்."

"தடிமன் இல்லாத புத்தகத்துக்கு நாலு பேர் மத்தியில என்ன மரியாதை? மொத்தத்தையும் தாள்ல அச்சடிச்சு, தைச்சு, அட்டை போட்டுக் கொண்டாங்க. அப்பத்தான் அது மின்நூலா இல்லையான்னு சொல்ல முடியும்."

"வாரிய முத்திரை இல்லாம அச்சடிக்க மாட்டேங்கிறாங்களே சார்."

"அது அச்சுப் பிரிவு. நான் மின்நூல். அவங்க விஷயத்துல நான் தலையிடறதில்ல." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு துறவியின் நிம்மதி இருந்தது.

பொடிசு தாள் தாளாக நகலெடுத்து, கோட்டைத் தைப்பதுபோல அவளே ஊசிநூலால் தைத்துக் கொண்டுபோனாள். மின்நூல் அதிகாரி முதுகை அளந்து திருப்தியடைந்தார். அதன்பிறகு போகிற போக்கில் கேட்டார்.

"எழுத்தைப் பெருசாக்கற வசதி ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"ஆமா சார், அதுக்காகத்தான் மின்நூலே..."

"எடுத்துடுங்க."

"சார்?"

"எழுத்து பெருசானா பக்கம் மாறும். பக்கம் மாறினா என் முத்திரை எந்தப் பக்கத்துல நிக்கும்? இன்னைக்கு எழுத்தைப் பெருசாக்குவான். நாளைக்கு அவன் இஷ்டத்துக்குப் பாதியிலேர்ந்து படிப்பான். வாசகன் கையில இவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்துட்டு அப்புறம் வாரியம் எதுக்கு?"

"எங்க அக்காவுக்குக் கண்ணு தெரியாது சார். சின்ன எழுத்துன்னா..."

"யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லுங்க. எனக்கு எல்லாக் கோப்பையும் அப்படித்தான் படிச்சுக் காட்டறாங்க. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

பொடிசு யாரையும் வாய்விட்டுச் சபிக்கிறவள் அல்ல. அவளிடம் ஒரு கடல் இருந்தது. அன்று வீட்டுக்கு நடக்கும்போது மின்நூல் அதிகாரியை அவருடைய அடிக்கோலோடு சேர்த்துக் கப்பலின் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளினாள். முங்குவதற்குமுன் ஆழம் என்ன என்று அவர் கேட்டார்.

அடுத்தவர் அட்டை அதிகாரி. அவர் கழுத்தில் ஒரு பட்டுத் துண்டு சுற்றியிருந்தது, அவர் கலைஞர் என்பதற்கு அடையாளமாக.

"கோட்டு மட்டும் தொங்குது. ஆள் எங்க?"

"ஆள் வரலை சார். அதுதான் கதை."

"வராதவனுக்கு எதுக்கு அட்டை? ஒரு ஆளைப் போடுங்க. சிரிச்ச முகமா."

சிரித்த முகமாக ஓர் ஆளைப் போட்டாள். அந்த ஆள் வாரியத் தலைவரைவிட அழகாக இருப்பதாக ஆட்சேபணை வந்தது. தலைவர் படத்தையே போட்டாள். தலைவர் கோட்டு போடுவதில்லை என்பதால் கோட்டை எடுக்கச் சொன்னார்கள். கோட்டு போனபின் ஆணி அபாயமாகத் தெரிந்தது, அதையும் எடுக்கச் சொன்னார்கள். கடல் ஈரமாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் அட்டையில் தலைவர், வாரிய முத்திரை, ஒரு சாத்திய ஜன்னல் ஆகியவை மிஞ்சின. நூலாசிரியர் பெயர் விலைக்குக் கீழே போயிருந்தது.

"இப்ப மூச்சு விடுது பாருங்க" என்றார் அட்டை அதிகாரி.

அவருக்குக் கடலில் சுறாக்களை ஒதுக்கினாள்.

"என்னடி, வந்துச்சா?" என்று தினமும் கேட்பாள் அக்கா.

"நடந்துக்கிட்டு இருக்கு."

"சீக்கிரம் நடக்கச் சொல்லு. இன்னைக்குப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து உன்னைன்னு நெனச்சுத் திட்டிட்டேன். பாவம், அவரும் பதில் பேசாம வாங்கிக்கிட்டாரு."

பொடிசு சிரித்தாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

கடைசிப் படி, ஆசியுரை அமர்வு. வாரியம் அனுமதிக்கும் ஒவ்வொரு நூலுக்கும் தலைவர் நேரில் அமர்ந்து ஆசி வழங்குவார். முன்பெல்லாம் அதைச் சுருக்கித்தான் போடுவார்கள். யாரோ ஓர் எழுத்தாளர் தலைவரின் ஆசியை நான்கு வரியாக வெட்டிவிட, தலைவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அன்றிலிருந்து புது விதி: அமர்வில் வாரியத்தார் வாயிலிருந்து வருவதை இயந்திரம் அப்படியே எழுத்தாக்கும். அதை ஒரு சொல்லும் விடாமல் நூலின் முன்பகுதியில் சேர்க்க வேண்டும்.

தலைவர் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"புத்தகங்களுக்கும் எனக்கும் நீண்டகால உறவு. இன்னைக்கு வரைக்கும் ஒரு புத்தகத்தைக்கூட நான் திறந்து அவமானப்படுத்தினதில்ல. ஏன்? படிச்சவன் ஒரு பக்கமா சாஞ்சுடுவான். படிக்காதவன்தான் நடுவுல நிக்க முடியும். அந்த நடுநிலைமைக்காகத்தான் இந்த நாற்காலியை எனக்குக் கொடுத்திருக்காங்க. மத்தபடி என் மச்சினனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஏசியைக் கூட்டுய்யா. இந்த அம்மா எழுதியிருக்கிற இந்த... என்னய்யா பேரு? மேலங்கி. தையல் கத்துக்க நினைக்கிற ஒவ்வொரு குடும்பத்துலயும் இருக்க வேண்டிய புத்தகம்."

"கதைங்க ஐயா" என்றார் அட்டை அதிகாரி தாழ்ந்த குரலில்.

"கதையா? ரொம்ப நல்லது. கதைன்னா யாரும் நம்பமாட்டான், நமக்கும் பொறுப்பு இல்ல. நம்ம வாரியம் வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்கு வீடு புத்தகம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. எங்க திரும்பினாலும் புத்தகம். இன்னைக்கு அந்தக் கொடுமை இருக்கா? அனுமதி கேட்டு வர்றவங்கள்ல பாதிப் பேர் பாதியிலேயே போயிடறாங்க. மிச்சப் பேருக்கு வயசாயிடுது. இதுதான் தரம்! இதுதான் மேன்மை! என்ன, மேலிடத்துல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் புரியாது. அவங்களுக்குக் கையெழுத்து எங்க போடணும்னு நான்தான் விரல் வச்சுக் காட்டணும். இந்த அம்மா இன்னும் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும்? எனக்குக் கால் மரத்துப்போச்சு."

மூன்று மணி நேரம் பேசினார். நடுவில் அதிகாரிகளும் ஆளுக்கொரு பாராட்டுரை வழங்கினார்கள். அட்டை அதிகாரி தனக்கு நிறங்களில் பழுப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்றும், அதை ஒரு நாளும் வேலைக்குக் குறுக்கே வரவிட்டதில்லை என்றும் பெருமையோடு சொன்னார். மின்நூல் அதிகாரி தன் பேத்தி கைப்பேசியில் படிப்பதைத் தடுத்த கதையைச் சொன்னார். இயந்திரம் இருமலைக்கூட விடவில்லை.

ஒரு வாரம் கழித்து எழுத்தாக்கம் வந்தது. நாவலைவிடப் பெரிதாக இருந்தது. கூடவே ஒரு குறிப்பு: ஆசியுரை எடுப்பாகத் தெரியும் வகையில் கதையைப் பாதியாகக் குறைக்கவும்.

மருத்துவமனை முன்மேசையில் உட்கார்ந்து பொடிசு அந்தக் குறிப்பைப் படித்தாள். மறுபடி படித்தாள். எதைக் குறைப்பது? பனியையா, தையல்காரியையா, ஆணியையா? போதும், விட்டுவிடலாம் என்று தோன்றியது. எழுத்தாக்கத்தை மேசை விளிம்பில் தள்ளிவைத்துவிட்டுத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள்.

அப்போது எதிர் நாற்காலியில் மரத்துப்போவதற்கு ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர், பொழுதுபோகாமல் அதை எடுத்துப் புரட்டினார். முதல் பக்கத்திலேயே அவருடைய தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. பாதி வாய் மரத்திருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாக வழிந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போனார். பல் மருத்துவர் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. "இழு... இழுங்க... இதை முழிச்சிட்டு வழேன்" என்றார். இருங்க, இதை முடித்துவிட்டு வருகிறேன் என்று பொருள்.

பொடிசு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பல் வலியோடு இருக்கிற மனிதனைச் சிரிக்கவைக்கும் புத்தகம் ஒன்று தன் கையில் இருப்பது அவளுக்கு மெல்ல உறைத்தது.

வாரியத்தின் விதிப் புத்தகத்தை எடுத்தாள். அவள் தேடியது இருந்தது. ஆசியுரை கதையை மிஞ்சினால் அதையே தனிப் பாகமாக வெளியிடலாம். ஒரு பாகம் முத்திரை பெற்றுவிட்டால் அதன் அடுத்தடுத்த பாகங்களுக்கு அனுமதி தேவையில்லை. இந்த இரண்டாவது விதி எதற்காக வந்தது என்பது ஊருக்கே தெரியும். தலைவரின் தன்வரலாறு பல பாகங்களாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் தன்னிடமே அனுமதி கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பொடிசு முதல் பாகத்தை வடிவமைக்க உட்கார்ந்தாள். தன் நாவலுக்குக்கூட அவள் இவ்வளவு அன்பாக உழைத்ததில்லை. ஒரு சொல்லும் விடவில்லை, ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. ஓரத்தில் தாராளமாக வெள்ளை விட்டாள். "ஏசியைக் கூட்டுய்யா" என்பதற்கு ஒரு முழுப் பக்கம், நட்டநடுவில், வேறெதுவும் இல்லாமல். "திறந்து அவமானப்படுத்தினதில்ல" என்பதை அத்தியாயத் தலைப்பாக்கினாள். மச்சினன் வருகிற இடங்களுக்கெல்லாம் கொடிக்கொத்து வரைந்து அலங்கரித்தாள். அட்டையில் அட்டை அதிகாரி கேட்டபடியே தலைவர், முத்திரை, சாத்திய ஜன்னல்.

பொடிசு தைத்துக் கொண்டுபோன முதல் பாகத்தைத் தலைவர் கையில் தூக்கிக் கனம் பார்த்தார்.

"முழுக்க என் பேச்சா?"

"ஆமா சார். ஒரு சொல்லும் விடல."

"உங்க கதை?"

"அடுத்த பாகத்துல வச்சுக்கலாம்னு..."

"அதுக்கென்ன அவசரம், வரும்போது வரட்டும்." அவர் குரல் தழுதழுத்தது. "இத்தனை வருஷத்துல வாரியத்தைப் புரிஞ்சுக்கிட்ட முதல் எழுத்தாளர் நீங்கதாம்மா."

வழக்கப்படி திறந்து அவமானப்படுத்தாமல் முத்திரை குத்தினார்.

முதல் பாகம் மின்நூலாக இலவசமாக வந்தது. லாரி ஓட்டுநர் தன் நண்பர்களுக்கு அனுப்பினார், அவர்கள் தங்கள் முதலாளிகளுக்கு அனுப்பினார்கள். வாரியத்தின் வரிசையில் நின்றே வயதான எழுத்தாளர்கள் கண்ணீர் விட்டுச் சிரித்தார்கள். சட்டைகளில் "ஏசியைக் கூட்டுய்யா" என்று அச்சாகி விற்றது. பரீட்சையில் தோற்ற பிள்ளைகள், நடுநிலைமைக்காகப் படிக்கவில்லை என்று அப்பாவிடம் விளக்கம் சொன்னார்கள். பிறகு அது மேலிடத்தை எட்டியது. தங்களுக்கு விரல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது என்பதை மேலிடம் அந்தப் புத்தகத்தின் மூலம்தான் தெரிந்துகொண்டது. முதலில் மேலிடத்தில் இருந்த மச்சினனின் பதவி போனது. பிறகு தலைவருக்கு அங்கிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது: புத்தகம் இன்று மாலைக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் போக வேண்டும்.

ஆனால் முத்திரை பெற்ற நூலை வாரியமே திரும்பப் பெற முடியாது. அப்படிச் செய்தால் வாரியம் தவறு செய்ததாக ஆகிவிடும் என்பதால், அதற்கான வழியை அவர்களே அடைத்து வைத்திருந்தார்கள். நூலாசிரியர் சம்மதிக்க வேண்டும். சம்மதம் கேட்பவர் தொலைபேசியில் தொந்தரவு செய்யாமல், சம்பந்தப்பட்டவரின் அலுவலகத்துக்கு நேரில் போய்த் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். எழுத்தாளர்கள் அடிக்கடி போன் செய்து தூக்கத்தைக் கெடுக்கிறார்கள் என்று தலைவரே எழுதிய விதி அது.

அன்று மதியம் பல் மருத்துவமனையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தலைவர் வந்தார். பின்னால் அட்டை அதிகாரி, அவருக்குப் பின்னால் மின்நூல் அதிகாரி.

"டோக்கன் எடுத்துக்குங்க சார்" என்றாள் பொடிசு.

"நாங்க பல்லு பார்க்க வரலம்மா."

"இங்க வர்றவங்க முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. உட்காருங்க, கூப்பிடுவாங்க."

வீங்கிய கன்னங்களுக்கு நடுவில் அவர்கள் உட்கார்ந்தார்கள். அறையில் புழுக்கமாக இருந்தது. தலைவர் சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, மேலே பார்த்து, "அந்த ஏசியைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். கன்னம் வீங்கிய அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். தலைவர் வாயை மூடிக்கொண்டார்.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள் கைப்பேசியை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கை வேலை முடித்ததும் சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று வந்திருந்தவள். நான்கு நாளைக்கு முன்புதான் இரண்டாம் பாகம் வந்திருந்தது. ஆசியுரை இல்லை, முத்திரைப் பக்கம் இல்லை, ஆணியும் கோட்டும் கடலும் இருந்த இடத்திலேயே இருந்தன. அக்கா தன் காசில் வாங்கினாள். வாங்கியதற்கு வந்த செய்தியைத் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டி, "பார்த்துக்கங்க எழுத்தாளரே" என்றாள். முதல் பக்கத்தில் இருந்தது ஒரே வரி: அக்காவுக்கு, எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்.

அக்கா பெரிதாக்கியிருந்தாள். திரைக்கு மூன்று சொல். அடுத்த நாற்காலியிலிருந்து யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மின்நூல் அதிகாரி அதைப் பார்த்தார். கை அவரையறியாமல் அடிக்கோலைத் தேடியது.

தலைவருக்கு வேறு பார்க்க எதுவும் இல்லை. கண் தானாக அந்தத் திரையில் விழுந்தது. 'பனி ஜன்னலை மூடியது.' அக்கா விரலால் தள்ளினாள். 'அவள் ஊசியை வைத்துவிட்டு' தள்ளினாள். 'படிக்கட்டில் கேட்ட காலடியை' தள்ளினாள். தலைவர் கழுத்தை நீட்டினார். தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு புத்தகம் அவரைத் திறந்துகொண்டிருந்தது. பதவியும் மேலிடமும் மாலைக் கெடுவும் அவருக்கு மறந்துபோயின.

"டோக்கனைக் கூப்பிட்டாங்களா?" என்று அட்டை அதிகாரி கிசுகிசுத்தார்.

"சும்மா இருய்யா. யாரோ மாடிப்படி ஏறி வர்றாங்க."

பொடிசு டோக்கன்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்த மூன்று எண்களைத் தவிர எல்லாவற்றையும் கூப்பிட்டாள். கன்னங்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போயின. வெளியே வெயில் சாய்ந்தது.

அக்காவின் விரல் நின்றது. கடைசித் திரையை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சி, முன்மேசை இருக்கும் திசையைப் பார்த்தாள். அங்கே ஒரு மங்கலான உருவம்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அடிப்பாவி" என்றாள். "இதையாடி இத்தனை நாள் என்கிட்ட சொல்லாம வச்சிருந்தே?"

பொடிசு மேசையில் மிஞ்சியிருந்த டோக்கன்களை அடுக்கினாள்.

கடைசித் திரை வரும் நேரம் பார்த்து, தலைவரின் கண்ணை அட்டை அதிகாரியின் பட்டுத் துண்டு மறைத்துவிட்டிருந்தது. அவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அக்கா பக்கம் சரிந்தார்.

"அம்மா, என்னம்மா ஆச்சு? அவன் வந்தானா? கோட்டை வாங்கிக்கிட்டானா?"

அக்கா எழுந்து, கைப்பேசியைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"வாங்கிப் படிங்க சார். ஒரு சொல்லும் விடாம."

பொடிசு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். அக்காவின் கையைப் பிடித்துக் கதவருகே வந்தவள், இருட்டில் உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கு முடிஞ்சுது சார். நாளைக்கு வந்து புது டோக்கன் எடுத்துக்குங்க."